நேரடி ரேடியோவா, டவர் வழியா: வண்டிகள் பேசிக்கொள்ள எதை வாங்குவது?

வண்டியும் வண்டியும், வண்டியும் சிக்னல் கம்பமும் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் அமைப்புக்கு டெண்டர் எழுத உட்காருகிறவர் முன்னால் இன்று மூன்று வழிகள் வந்து நிற்கும். முதலாவது, வைஃபை குடும்பத்தில் பிறந்த 802.11பி (802.11p). அமெரிக்காவில் இதை டிஎஸ்ஆர்சி என்றும் ஐரோப்பாவில் ஐடிஎஸ்-ஜி5 என்றும் சொல்வார்கள். இரண்டாவது, செல்போன் தரங்களை எழுதும் 3ஜிபிபி 2017இல் தந்த சி-வி2எக்ஸ். பெயரில் செல்லுலார் இருந்தாலும் இதில் டவரின் தயவு இல்லாமலே வண்டிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். மூன்றாவதில் புதுமை எதுவும் இல்லை: ஒரு சிம், சாதாரண 4ஜி அல்லது 5ஜி டவர், பின்னால் ஒரு சர்வர்.

விற்க வருகிற மூன்று தரப்பும் தங்கள் பொருளே நம்பகமானது என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. எந்தச் செய்திக்கு நம்பகமானது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அதனால் எந்த ரேடியோ சிறந்தது என்று தொடங்காமல், நாம் அனுப்பப்போகும் செய்தி எவ்வளவு நேரத்தில் பழசாகிறது என்று கேட்டுத் தொடங்குவதே சரி என்பது என் கட்சி.

முன்னால் போகிற லாரி சட்டென்று பிரேக் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எச்சரிக்கை 100 மில்லி வினாடியில் வந்துவிட்டால் கார் இரண்டு மீட்டர் சொச்சம்தான் நகர்ந்திருக்கும். ஒரு நொடி கழித்து வந்தால் ஐந்து கார் நீளம் போயிருக்கும். அதற்கு மேல் அந்த எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை. அதே சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வண்டி பழுதாகி நிற்கிறது என்ற செய்தியோ, ஐந்து நொடி தாமதித்தாலும் கெட்டுப்போகாது. பேருந்து எங்கே வருகிறது என்று நிறுத்தத்தில் நிற்பவருக்குக் காட்ட பத்து நொடி தாமதம் பொருட்டே இல்லை.

ஆக, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் சாகிற செய்தி ஒரு வகை, சில நொடி தாங்குகிற செய்தி இன்னொரு வகை. பலரும் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, முதல் வகைக்குத் தேவையான விலையை இரண்டாம் வகைக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

டவர் வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் சொல்ல வேண்டியது குறைவு. நல்ல சிக்னல் இருக்கிற இடத்தில் 4ஜியில் ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பச் சில பத்து மில்லி வினாடிகள் போதும். சராசரியை மட்டும் பார்த்தால், எல்லாவற்றுக்கும் இதுவே போதுமே என்று தோன்றும். சிக்கல் சராசரியில் இல்லை. வண்டி ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கைமாறும் நேரத்தில், திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில், பாலத்துக்கு அடியில் நுழையும் நேரத்தில், அதே பாக்கெட் அரை நொடி, ஒரு நொடி என்று இழுக்கும். முன்னால் போகிற வண்டி ஒரு நிறுவனத்தின் சிம்மிலும் பின்னால் வருகிற வண்டி வேறொரு நிறுவனத்தின் சிம்மிலும் இருந்தால், இருபது மீட்டர் இடைவெளியில் ஓடும் இரண்டு வண்டிகளின் பேச்சு இரு நிறுவனங்களின் மையக் கணினிகளையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த மையம் வேறு ஊரில்கூட இருக்கலாம். கணினியை டவருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பது, அவசரச் செய்திக்கு 5ஜியில் தனிப் பாதை ஒதுக்குவது எல்லாம் உதவும்தான். ஆனால் அவை உங்கள் கையில் இல்லை, டவர் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

சில நொடி தாங்கும் செய்திகளுக்கு இந்த வழியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வால்வோ 2016இல் ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஓடும் தன் கார்களுக்கு, ஒரு கார் அபாய விளக்கைப் போட்டால் அருகில் வரும் மற்ற வால்வோ கார்களுக்குச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. செய்தி சர்வர் வழியாகத்தான் போகிறது. அதே ஆண்டு கடைசியில் ஆடி நிறுவனம் லாஸ் வேகஸில், சிவப்பு விளக்கு பச்சையாக இன்னும் எத்தனை நொடி என்பதை டாஷ்போர்டில் காட்டத் தொடங்கியது. அதுவும் செல்போன் வலையின் வழியேதான். சாலையோரம் ஒரு புதுக் கம்பம்கூட நடவில்லை. இந்தியாவில் 2019 ஜனவரி முதல் புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்குக் கட்டாயமான ஏஐஎஸ்-140 கருவியும் இந்த வகைதான்: இருப்பிடத்தையும் அவசரப் பொத்தானையும் சிம் வழியாக அனுப்பும், சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். சேமித்துப் பிறகு அனுப்புவது பேருந்தைத் தேடுவதற்குச் சரி. பிரேக் எச்சரிக்கையைச் சேமித்து வைத்து என்ன செய்வது?

சரி, நேரடி ரேடியோவுக்கு வருவோம். விவாதம் சூடாவது இங்கேதான்.

இரண்டு நேரடி ரேடியோக்களும் 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்கின்றன. அமெரிக்க முறையில் ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை, சுமார் 300 பைட் அளவில், சுற்றியிருக்கும் எல்லோருக்கும் பொதுவாக அனுப்புகிறது. கிடைத்தது என்று யாரும் பதில் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் அந்தப் பதில்களே அலைவரிசையை நிரப்பிவிடும். அதனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குக் கடைசிவரை தெரியாது.

802.11பி-யில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் வழக்கமான வேகம் நொடிக்கு 6 மெகாபிட். 300 பைட் என்பது 2400 பிட். அதை அனுப்ப 400 மைக்ரோ வினாடி. முன்னுரைக் குறியீட்டுக்கு 40 மைக்ரோ வினாடி, பிறகு பேசுமுன் காத்திருக்கும் இடைவெளி. எல்லாம் சேர்த்து ஒரு செய்திக்கு ஏறத்தாழ அரை மில்லி வினாடி. நொடிக்குப் பத்து என்றால் ஒரு வண்டி நொடியில் 5 மில்லி வினாடியை எடுத்துக்கொள்கிறது. 200 வண்டிகள் வந்தால் நொடி முழுவதும் காலி. இது செய்திகள் ஒன்றோடொன்று மோதவே மோதாது என்று வைத்துக்கொண்ட கணக்கு. நடைமுறையில் அதில் பாதியைத் தாண்டும்போதே மோதல்கள் கூடத் தொடங்கிவிடும்.

இப்போது ஆறு வழிச் சாலையில் ஒரு நெரிசலை நினைத்துப் பாருங்கள். முன்னால் 300 மீட்டர், பின்னால் 300 மீட்டர், வண்டிக்கு எட்டு மீட்டர் இடம் என்றால் 450 வண்டிகள். இது கார்கள் மட்டும் ஓடும் சாலையின் கணக்கு. இந்தியாவில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர வண்டிகள். ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கு பைக் நிற்கும். ஒருநாள் அவையும் பேசத் தொடங்கினால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே யார் எப்போது பேசுவது என்பதில்தான் இரண்டு ரேடியோக்களும் பிரிகின்றன. 802.11பி பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும். அலைவரிசை சும்மா இருந்தால் பேசும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்க்கும். ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக இதைச் செய்யும். பலவீனம் தெருமுனையில் வரும். குறுக்குத் தெருவிலிருந்து வரும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கட்டடம் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். முனையில் நிற்கும் மூன்றாவது வண்டிக்கு இரண்டுமே குழம்பிப்போகும்.

சி-வி2எக்ஸ், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. கடந்த ஒரு நொடியாக எந்தெந்த இடம் யார் கையில் இருந்தது என்று கவனித்து, காலியாகத் தெரிகிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த 5 முதல் 15 செய்திகளுக்கு அதையே வைத்துக்கொள்ளும். ஒழுங்காக நடந்தால் இது சிக்கனமான முறை, செய்திக்குச் செய்தி அடித்துப்பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வண்டிகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே இடத்தில் துண்டு போட்டுவிட்டால்? இருவருக்கும் அது தெரியாது, ஏனென்றால் பேசுகிற நேரத்தில் இந்த ரேடியோவால் கேட்க முடியாது. அந்த ஐந்து முதல் பதினைந்து செய்திகளும் தொடர்ந்து மோதும், அதாவது அரை நொடியிலிருந்து ஒன்றரை நொடி வரை. எண்ணிக்கை முடிந்ததும் இடம் மாறியே ஆக வேண்டும் என்றும் இல்லை. அதே இடத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பை 80 சதவீதம் வரை வைத்துக்கொள்ளத் தரமே அனுமதிக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விற்பனை அறிக்கைகள் இதைத்தான் மறைக்கும். இரண்டு ரேடியோக்களும் சராசரியாக 90 சதவீதச் செய்திகளைக் கொண்டுசேர்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் இழப்புகள் சிதறி விழுகின்றன. அப்படியானால் அடுத்தடுத்து மூன்று செய்திகள் போக ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. பெரும்பாலும் 200 மில்லி வினாடிக்குள் ஏதோ ஒன்று வந்துவிடும். மற்றதில் இழப்புகள் கூட்டமாக விழுகின்றன. அப்போது ஒன்பது நொடி எல்லாம் ஒழுங்காக வந்து, பத்தாவது நொடி முழுவதும் மௌனம். அறிக்கையில் இரண்டும் ஒரே 90 தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடி மௌனம் 22 மீட்டர். சராசரி விநியோக விகிதத்தைக் காட்டி நம்பகத்தன்மை பேசுகிறவரிடம், தொடர்ந்து வந்த இரண்டு செய்திகளுக்கு நடுவே மிக நீண்ட இடைவெளி எவ்வளவு என்று கேட்டுப்பாருங்கள். பேச்சின் சுருதி மாறும்.

செல்லுலார் தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும்: அவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் சி-வி2எக்ஸ் விதிகளில், பிடித்த இடத்தை விட்டு அவ்வப்போது ஒரே ஒரு செய்தியை வேறு இடத்தில் அனுப்பும் ஏற்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. மௌனம் நீளாமல் நடுவில் ஒன்று வந்து உடைக்கும். ஒவ்வொரு செய்தியையும் யாரும் கேட்காமலே இரண்டாம் முறை அனுப்பும் வசதியும் உண்டு. அதற்கு இரட்டிப்பு இடம் செலவு. சாலை காலியாக இருக்கும்போது நல்லது, நெரிசலில் அதுவே பாரம். வாங்குகிறவர் கேட்க வேண்டியது, இந்த ஏற்பாடுகள் தரத்தில் இருக்கின்றனவா என்பதல்ல, தரப்போகும் பெட்டியில் ஓடுகின்றனவா என்பது.

தூரத்தில் சி-வி2எக்ஸ் கை ஓங்கித்தான் இருக்கிறது. பிழையைத் திருத்திக்கொள்ளும் டர்போ குறியீடு, குறுகிய பட்டையில் சக்தியைக் குவிப்பது, மறு அனுப்புகை மூன்றும் சேர்ந்து பலவீனமான சிக்னலிலும் செய்தியைப் பிடிக்க உதவுகின்றன. நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது எதிரே வருகிற வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள இது உண்மையான லாபம். இரண்டும் 80இல் வந்தால் நொடிக்கு 44 மீட்டர் நெருங்குகின்றன. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு நூறு மீட்டரும் இரண்டு நொடிக்கு மேல். இதற்கு விலையாக எல்லா வண்டிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். அதைச் செயற்கைக்கோளிடமிருந்து வாங்குகிறார்கள். நீண்ட சுரங்கப்பாதை இருக்கிற ஊர் என்றால் இதைத் தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். 802.11பி-க்கு அந்தக் கவலை இல்லை.

ஐரோப்பாவில் சிக்கனத்தை வேறு பக்கமாகப் பிடித்தார்கள். அங்கே வண்டி கடிகாரம் பார்த்துப் பேசுவதில்லை. கடைசியாகச் சொன்னதிலிருந்து 4 மீட்டர் நகர்ந்தாலோ, 4 டிகிரி திரும்பினாலோ, வேகம் நொடிக்கு அரை மீட்டர் மாறினாலோதான் புதுச் செய்தி. எதுவும் மாறாவிட்டால் நொடிக்கு ஒன்று. நெரிசலில் அசையாமல் நிற்கும் 450 வண்டிகள் நொடிக்கு 4500 செய்திகளுக்குப் பதில் 450 அனுப்பும். கணக்காகப் பார்த்தால் எந்த ரேடியோ மாற்றத்தையும்விட இந்த ஒரு விதி அதிக இடத்தை மிச்சப்படுத்துகிறது. இதில் ஒரு முரணும் இருக்கிறது. இப்படி ஒழுங்கில்லாமல் வரும் செய்திகள், முன்கூட்டி இடம் பிடிக்கும் சி-வி2எக்ஸுக்குப் பிடிக்காது. பிடித்த இடம் சில சமயம் சும்மா கிடக்கும், சில சமயம் செய்தி பெரிதாகி இடம் போதாது. ஒவ்வொரு முறையும் கேட்டுப் பேசும் 802.11பி-க்கு இது பொருந்திவரும். ரேடியோவையும் செய்தி விதியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் இடிக்கும்.

அப்புறம், யாரும் பேசாத கேபிள். 5.9 கிகாஹெர்ட்ஸில் மெல்லிய ஆண்டெனா கேபிள் சிக்னலைத் தின்னும். கூரையில் ஆண்டெனா, டாஷ்போர்டுக்கு அடியில் ரேடியோ, நடுவே இரண்டு மூன்று மீட்டர் மெல்லிய கேபிள் என்றால் பாதிக்கு மேல் சக்தி கேபிளிலேயே கரைந்துவிடும். ரேடியோ தரத்தை மாற்றிப் பெறும் லாபத்தை இந்தக் கேபிள் சத்தமில்லாமல் திருப்பி வாங்கிக்கொள்ளும். பேருந்து மாதிரி நீளமான வண்டிக்குப் பெட்டியை ஆண்டெனாவுக்கு அடியிலேயே, கூரையின் உட்புறத்தில் பொருத்தச் சொல்லுங்கள். கூரையில் ஏற்கனவே ஏசி இருந்தால் ஒரு ஆண்டெனா போதாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வேண்டும். கட்டட மூலைகளைப் பொறுத்தவரை 5.9 கிகாஹெர்ட்ஸ் எந்த ரேடியோவில் வந்தாலும் வளையாது. ஜப்பானியர்கள் வண்டிகளுக்கு 760 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கி, 2015இல் டொயோட்டா அதை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: தாழ்ந்த அலைவரிசை மூலை திரும்பும். அந்த அலைக்கற்றை மற்ற நாடுகளில் செல்போனுக்குப் போய்விட்டது, அதனால் நமக்கு அது பார்த்துப் பெருமூச்சு விடத்தான்.

புதிய தலைமுறைகளும் வந்துவிட்டன. 802.11பி-க்கு வாரிசான 802.11பிடி (802.11bd) பழைய பெட்டிகளோடும் பேசும். 5ஜியின் நேரடி ரேடியோ 2020இல் தரமானது. அதில் செய்தி கிடைத்ததா என்று குழுவுக்குள் பதில் கேட்க முடியும், ஆனால் 2017இன் சி-வி2எக்ஸ் ரேடியோவோடு அதே அலைவரிசையில் பேசாது. இருபது ஆண்டு ஓடப்போகும் லாரியில் பெட்டி வைப்பவருக்குப் பழசோடு பேசுவது பெரிய விஷயம். பொறியியலாக மட்டும் பார்த்தால் நான் வைஃபை பரம்பரைக்குத்தான் ஓட்டுப்போடுவேன்.

ஆனால் ஓட்டு எண்ணிக்கை வேறு இடத்தில் நடந்து முடிந்துவிட்டது. அமெரிக்காவில் அலைக்கற்றை ஒதுக்கும் ஆணையமான எஃப்சிசி 1999இல் 5.9 கிகாஹெர்ட்ஸில் 75 மெகாஹெர்ட்ஸை வண்டிகளுக்கு ஒதுக்கியது. இருபது ஆண்டு போயும் சாலையில் டிஎஸ்ஆர்சி பேசும் கார்கள் விரல்விட்டு எண்ணும் நிலைதான். 2017 மாடல் காடிலாக் சிடிஎஸ் மாதிரி ஓரிரண்டு. அரசு 2016 கடைசியில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கும் வரைவைக் கொண்டுவந்து அப்படியே விட்டுவிட்டது. டொயோட்டா 2018 ஏப்ரலில், 2021 முதல் டிஎஸ்ஆர்சி தருவோம் என்று அறிவித்து, அடுத்த ஏப்ரலில் நிறுத்திவைத்தது. 2020 நவம்பரில் எஃப்சிசி அந்த 75இல் 45 மெகாஹெர்ட்ஸை வீட்டு வைஃபைக்குக் கொடுத்து, மீதி 30ஐ சி-வி2எக்ஸுக்கு என்று எழுதியது. போக்குவரத்து அமைப்புகள் வழக்குப் போட்டு 2022இல் தோற்றன. 2024 நவம்பரில் இறுதி விதி வந்தது: டிஎஸ்ஆர்சிக்கு இரண்டு ஆண்டில் மூடுவிழா.

சீனா 2018இலேயே 5905 முதல் 5925 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லுலார் நேரடி ரேடியோவுக்கு ஒதுக்கிவிட்டது. ஐரோப்பிய ஆணையம் 2019இல் வைஃபை வழிக்குச் சாதகமாகக் கொண்டுவந்த விதியை உறுப்பு நாடுகளே தள்ளுபடி செய்தன. அங்கே இரண்டுக்கும் இடமுண்டு. எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 802.11பி-யோடு தெருவில் ஓடுகிறது. எந்த ரேடியோ நல்லது என்று நாம் உட்கார்ந்து அலசுவதற்குள், எந்த ரேடியோவுக்கு அனுமதி என்பதை அலைக்கற்றை ஒதுக்குபவர் முடிவு செய்துவிடுகிறார். வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டு அலைக்கற்றைத் திட்டத்தைப் படிப்பது, சோதனை அறிக்கை பத்தைப் படிப்பதைவிட மேல்.

இந்த மாற்றத்தில் சிக்கியவர்களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் போக்குவரத்துத் துறையைப் பார்க்கலாம். 2017இல் சால்ட் லேக் நகரத்து ரெட்வுட் சாலையில் பேருந்துகளுக்கும் சிக்னல்களுக்கும் டிஎஸ்ஆர்சி ரேடியோ வைத்தார்கள். எல்லாப் பேருந்துக்கும் பச்சை கிடைக்காது. நேரம் தவறி ஓடும் பேருந்து மட்டும் சிக்னலிடம் கேட்கும், பச்சை சில நொடி நீளும். நல்ல வேலை. பிறகு தரையே நகர்ந்தது. சி-வி2எக்ஸுக்கு 2023 ஏப்ரலில் எஃப்சிசி சிறப்பு அனுமதி கொடுத்த முதல் பட்டியலில் அந்தத் துறையும் இருந்தது. இப்படி மாறும்போது கழற்ற வேண்டியது ரேடியோ பகுதி மட்டும். கம்பம், மின்சாரம், சிக்னல் பெட்டி, எப்போது பச்சையை நீட்டுவது என்ற விதி எல்லாம் அப்படியே பயன்படும். எஸ்ஏஇ ஜே2735 என்ற செய்தி அமைப்பும், போலிச் செய்தியைத் தடுக்கும் ஐஇஇஇ 1609.2 டிஜிட்டல் கையெழுத்து முறையும் இரண்டு ரேடியோவுக்கும் பொது. டெண்டரில் செய்தியையும் பாதுகாப்பையும் கெட்டியாகக் கட்டிவிட்டு, ரேடியோவை மட்டும் கழற்றி மாட்டும் தனி அட்டையாகக் கேட்பது இதனால்தான் புத்திசாலித்தனம். இரண்டு ரேடியோவும் ஒரே சில்லில் வருவதையும் கேட்கலாம்.

கையெழுத்து பற்றி ஒரு வரி: 200 வண்டிகள் நொடிக்குப் பத்து முறை பேசினால், உங்கள் பெட்டி நொடிக்கு 2000 கையெழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். மலிவான பெட்டிகள் இதில் மூச்சு வாங்கும். ரேடியோ செய்தியைப் பிடித்த பிறகும் வரிசையில் நின்றே அது செத்துப்போகும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, இது ரேடியோ சண்டையையே சின்னதாக்கிவிடும். சாலையில் 10 சதவீத வண்டிகளிடம் ரேடியோ இருந்தால், சந்திக்கிற இரண்டு வண்டிகளிடமும் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதம். 30 ஆனாலும் 9 தான். பாதி வண்டிகளில் வந்தாலும் நான்கில் ஒரு சந்திப்புதான் பேச்சாகும். ஆனால் ஒரு முனை சிக்னல் கம்பமாக இருந்தால், கம்பத்தில் எப்போதும் ரேடியோ உண்டு என்பதால், 10 சதவீதம் 10 சதவீதமாகவே பயன் தரும். அதனால்தான் வண்டிக்கு வண்டி பேச்சைவிட வண்டிக்குக் கம்பம் முதலில் பலன் தருகிறது. அதிலும் பேருந்து, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போல ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. உத்தரவு போட்டால் அடுத்த மாதம் நூறு சதவீதம். ஃபாஸ்டேக்கைக் கட்டாயமாக்கத் தொடங்கிய பிறகுதான் அது வண்டிக் கண்ணாடிகளை நிறைத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த மாதிரிக் கருவிகள் தன்னார்வமாகப் பாதியைத் தொடுவது அரிது.

சரி, எதை வாங்குவது?

பேருந்து முன்னுரிமைக்கும் ஆம்புலன்ஸ் வழிக்கும் நான் டவர் வழியைச் சொல்வேன், யூட்டா நேரடி ரேடியோ வைத்திருந்தாலும். நாற்பதில் வரும் பேருந்து நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. சிக்னலுக்கு இருநூறு மீட்டர் முன்னால் கேட்டால் பதினெட்டு நொடி கையில் இருக்கிறது. இரண்டு நொடித் தாமதம் இந்த வேலையைக் கெடுக்காது. ஏஐஎஸ்-140 கருவி ஏற்கனவே பேருந்தில் இருந்தால் செலவின் பெரும் பகுதி முடிந்துவிட்டது; அது இடத்தை அனுப்பும் இடைவெளியைச் சிக்னலுக்கு அருகில் மட்டும் குறைத்தால் போதுமா என்று முதலில் பார்க்கலாம். ஆம்புலன்ஸில் மட்டும் இரண்டு நிறுவன சிம் வையுங்கள். சிக்னல் கம்பத்துக்கு வலை இணைப்பே இல்லாத சந்திப்புகள் நிறைய இருந்தால் கணக்கு மாறும், அங்கே நேரடி ரேடியோ மலிவாக வரலாம்.

வேக நெடுஞ்சாலையில் பிரேக் எச்சரிக்கை, முந்தும்போது எதிர்வண்டி எச்சரிக்கை, வரிசையாக நெருங்கி ஓடும் லாரிகள் போன்றவற்றுக்கு நேரடி ரேடியோ தவிர வழியில்லை. இன்றைய தேதிக்கு, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் வெளியே, அது சி-வி2எக்ஸ். அலைக்கற்றை முடிவு உங்கள் நாட்டில் தெளிவாக எழுத்தில் வரும்வரை ஒரு சாலைக்கு மேல் வாங்காதீர்கள்.

நகரச் சந்திப்பில் பைக்கையும் பாதசாரியையும் காப்பது மூன்றாவது தேவை. அவர்களிடம் எந்த ரேடியோவும் இல்லை, சீக்கிரம் வரப்போவதும் இல்லை. இங்கே நான் பணத்தை முதலில் கேமராவில் போடுவேன்: கம்பத்திலுள்ள கேமரா பைக்கைப் பார்த்து, அதன் சார்பில் கம்பமே ஒரு செய்தி அனுப்பும். கேட்கும் வண்டிக்கு ரேடியோ வேண்டும், பார்க்கப்படும் பைக்குக்கு வேண்டாம். பேருந்துகளில் மட்டும் ரேடியோ இருந்தாலும் இடப்பக்கம் நுழையும் பைக்கைப் பற்றி ஓட்டுநருக்குச் சொல்ல முடியும்.

கடைசியாக ஏற்புச் சோதனை. பெரும்பாலும் அது காலியான மைதானத்தில், இரண்டு கார்களோடு, காலை பத்து மணிக்கு நடக்கும். அப்படி நடந்தால் எந்த ரேடியோவும் தேறும். ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: சோதனை மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள், உண்மையான சந்திப்பில் நடக்க வேண்டும், அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் நடுவே ஒரு பேருந்து நிற்க வேண்டும், சுற்றிலும் குறைந்தது நூறு ரேடியோக்கள் பேச வேண்டும், வண்டி கிடைக்காவிட்டால் அந்தச் சுமையை உண்டாக்கும் கருவியை விற்பவரே கொண்டுவர வேண்டும். அளக்க வேண்டியது சராசரி விநியோகம் அல்ல, அடுத்தடுத்து கிடைத்த இரண்டு செய்திகளுக்கு இடையிலான நேரம். நூற்றில் தொண்ணூற்றொன்பது இடைவெளிகள் 300 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும், மீதியுள்ள ஒன்றில் மிக நீண்டது எவ்வளவு என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.